ஏலத்தில் எடுத்த ஸ்டான்லி 4ஆம் நம்பர் சீவுளி: சில வருடப் பாவனைக்குப் பிறகு

போன கிழமை, பலகை சீவும் என் சீவுளிக்குப் பின்பிடி மாற்றிப் படமும் போட்டேன். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு கிண்ணியாவில் இருந்து ஒரு தம்பி கேட்டார்: "அண்ணன், இதே சாமான் ஒண்டு இணைய ஏலத்தில போகுது. டொக்யார்ட் சீவுளியாம், கருங்காலிப் பிடியாம், நூறு வருசத்துக்கு மேலயாம். கேக்கட்டா?" டொக்யார்ட் என்றால் எங்கள் திருகோணமலையில் இருந்த பிரித்தானியக் கடற்படைத் தளத்தின் கப்பல் பட்டறை. என்னுடையதற்கும் கிட்டத்தட்ட இதே விளம்பரம்தான் போட்டிருந்தார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

4ஆம் நம்பரைப் பற்றித் தச்சு வேலை தெரிந்தவருக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 9 அங்குல நீளம், 2 அங்குல அலகு, வேலையின் கடைசியில் பலகையை மழமழப்பாக்க எடுப்பது. இதன் வேலையில் எனக்கு ஒரு முறைப்பாடும் இல்லை. முறைப்பாடு முழுக்க இதோடு சேர்த்து விற்கப்பட்ட கதையைப் பற்றியது. விளம்பரத்தை நம்பி நான் வாங்கவில்லை. வாய்ப் பக்கத்தில், அதாவது அலகு வெளியே நீட்டும் அடித்துவாரத்தில், வெடிப்பு இல்லை, அலகில் இன்னும் நீளம் மிச்சம் இருக்கிறது என்று படத்தில் தெரிந்தது. அதை வைத்துத்தான் ஏலம் கேட்டேன். ஆனால் பொய் பொய்தான்.

முதலில் பிடி. பொதி வந்தபோதே திருகாணி போகும் இடத்தில் மயிரிழை வெடிப்பு. இரும்புச் சாமானை ஒற்றைப் பத்திரிகைத் தாளில் சுற்றி அனுப்பினால் வேறென்ன நடக்கும்? பசை போட்டு இவ்வளவு காலம் ஓட்டினேன், போன கிழமை இரண்டாகப் பிளந்துவிட்டது. பிளந்த இடத்தில் பார்த்தால் உள்ளே வெளிறிய மரம், மேலே மட்டும் மெல்லிய கறுப்புச் சாயம். பீச் மரம். இங்கிலாந்தில் செய்த ஸ்டான்லிகளில் சாயம் ஏற்றிய பீச் பிடி வழமையானது, அதில் ஒரு குறையும் இல்லை. பழைய அமெரிக்கச் சீவுளிகளில் ரோஸ்வூட் போட்டார்கள். கருங்காலி எங்கிருந்து வந்தது? இந்த நாட்டில் கருங்காலிக்கு இருக்கிற மதிப்புத் தெரிந்துதான் விற்றவர் அந்தச் சொல்லைப் போட்டிருக்கிறார். நான் இப்போது முதிரைத் துண்டில் ஒரு பிடி கடைந்து போட்டிருக்கிறேன். கைக்கு நன்றாக அமைந்துவிட்டது.

அடுத்தது வயது. '1902 மொடல்' என்று எழுதியிருந்தார். அமெரிக்காவில் செய்த பழைய ஸ்டான்லிகள் சிலவற்றின் உடம்பிலே, அலகைத் தாங்கும் இரும்புக்குப் பின்னால், 1902, 1910 என்று திகதிகள் வார்த்திருக்கும். அவை காப்புரிமை கிடைத்த திகதிகள். 1910 என்று வார்த்த உடம்புகள் 1920களிலும் வெளிவந்துகொண்டுதான் இருந்தன. என்னுடையதில் அந்தத் திகதிகூட இல்லை. 'மேட் இன் இங்லண்ட்' என்றுதான் வார்த்திருக்கிறது. ஸ்டான்லி கம்பனி ஷெஃபீல்டில் சீவுளி செய்யத் தொடங்கியதே 1930களின் பிற்பகுதியில்தான். போதாததற்கு, அலகை இறுக்கும் மூடியில் உள்ள ஓட்டை கஜு விதை போல வளைந்தது. 1933 அளவில் வந்த வடிவம் அது. அதற்கு முந்தியவற்றில் சாவித்துவார வடிவம் இருக்கும். விற்கிற சாமானை ஒரு தரம் திருப்பிப் பார்த்திருந்தாலே 1902 என்று எழுதக் கை வந்திருக்காது.

இதையெல்லாம்கூட விட்டுவிடலாம். டொக்யார்ட் கதையை விட முடியாது.

1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பான் விமானங்கள் குண்டு போட்ட துறைமுகம் எங்களுடையது. 1957இல் பிரித்தானியக் கடற்படை தளத்தை இலங்கையிடம் கொடுத்துவிட்டுப் போகும் வரைக்கும் இந்த ஊர்ச் சனம் அதற்குள் வேலை செய்தது. அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்றும் இங்கே இருக்கிறார்கள். அப்பா பாவித்த உளி, தாத்தாவின் கைவாள் என்று எடுத்து வைத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள். பிரித்தானிய அரச சொத்து என்பதற்கு மூன்று கோட்டு அம்புக்குறி ஒன்று குத்துவார்கள். என் சீவுளி அலகின் தலைப்பக்கத்திலும் அப்படி ஒன்று இருந்தது, விளம்பரத்தில் அதைத் தனிப் படமாகவே போட்டிருந்தார்.

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். சுற்றிவர மண்ணிறக் கறள், குறியின் பள்ளத்துக்குள் மட்டும் இரும்பு வெள்ளையாக மினுங்கியது. குத்தும்போது ஓரத்தில் எழும்பிய பிசிர் நகத்தில் இடறியது. அறுபது எழுபது வருடம் கைபட்டு, எண்ணெய் பட்டு, எங்கள் ஊர் உப்புக்காற்றும் பட்ட அலகில் பிசிர் அப்படிக் குத்திக்கொண்டு நிற்காது. விற்பதற்காகப் புதிதாகக் குத்திய அம்பு அது.

இதுதான் எனக்குப் பொறுக்காதது. நாளைக்கு உவர்மலையிலோ திருக்கடலூரிலோ ஒரு குடும்பம் உண்மையான டொக்யார்ட் உளியை விற்க எடுத்தால், வாங்குபவர் அந்தக் குறியைத்தான் முதலில் சந்தேகிப்பார். பொய்க் குறி குத்தியவர் என் காசை மட்டும் எடுக்கவில்லை, அவர்களின் தகப்பன்மாருடைய அடையாளத்தையும் கெடுத்துவிட்டார்.

'திருத்தி எடுத்தது, சவர அலகுக் கூர்' என்றும் போட்டிருந்தது. திருத்தம் என்பது கம்பிச் சில்லால் தேய்த்துக் கறுப்புப் பெயின்ட் அடித்தது. கூர் விளிம்பு நீலம் பாய்ந்திருந்தது. மின்சாணையில் அவசரமாகப் பிடித்துச் சூடேற்றினால் அப்படித்தான் ஆகும். எஃகின் பதம் போய்விடும், முதிரையில் இரண்டு இழுப்புக்கே கூர் மழுங்கும். நீலம் பாய்ந்த அளவுக்கு எஃகைக் கழித்துவிட்டு, தண்ணீரில் தோய்த்துத் தோய்த்துக் குளிரக் குளிரச் சாணை பிடித்து, எண்ணெய்க் கல்லில் தட்டைப் பக்கத்தை மட்டமாக்கி எடுத்தேன். நல்ல அலகு, சும்மா தேய்ந்து போனது.

இவ்வளவுக்கும் பிறகு அது செய்கிற வேலை இருக்கிறதே! முதிரையில் நார் ஒரு விரலுக்கு ஒரு பக்கம் ஓடும். எந்தப் பக்கமாக இழுத்தாலும் எங்கோ ஓரிடத்தில் பிய்த்துக்கொண்டு வரும். அலகின் மேல் படுத்திருக்கும் வளைதகட்டைக் கூருக்கு அரை மில்லிமீற்றர் அளவுக்கு நெருக்கி வைத்து, வாயை ஒடுக்கி, மெல்லிசாக இழுத்துப் பாருங்கள். சீவல் பலகையின் நீளத்துக்கு அறாமல் வரும். கண்ணாடித்தாள் தேவையில்லை. நார் புரளும் இடமெல்லாம் பட்டுப் போல ஒளி மாறும். வாடைக்காற்றுக் காலத்தில் வேலை முடிந்ததும் தையல் மெஷின் எண்ணெய்யைத் துணியில் தொட்டுத் துடைத்து வைத்தால் கறளும் கிட்ட வராது. என் பட்டறையில் கை முதலில் போகும் சாமான் இதுதான், காசுக்கு ஆசைப்பட்டு இதைக் கொடுக்கவும் மாட்டேன்.

இருந்தும் தம்பிக்கு வேண்டாம் என்றுதான் சொன்னேன். அவர் அனுப்பிய படங்களில் அலகின் தட்டைப் பக்கமே இல்லை. கூருக்குப் பக்கத்தில் கறள் குழி விழுந்திருந்தால் அந்த அலகு உதவாது. வாய் மூலை இரண்டையும் பிடிக்கு அடிப்பக்கத்தையும் கிட்டவாகக் காட்டவில்லை. பெயின்ட் மட்டும் பளபளவென்று இருந்தது. கேட்டு எழுதினால், 'டொக்யார்ட் சாமானுக்கு இதெல்லாம் கேட்கக்கூடாது' என்று பதில் வந்ததாம்.

சீவுளிக்கு முழு மார்க். ஏலத்துக்கு ஒன்றும் இல்லை, விலை பாதிக்கு விழுந்தாலும் இல்லை. பழசுதான் வேண்டும் என்றால் விற்பவரின் வீட்டுக்கே போங்கள். முதிரைத் துண்டொன்றைக் கையோடு கொண்டு போய், அங்கேயே வைத்து இரண்டு இழுப்பு இழுத்துப் பாருங்கள். இழுக்க விடாவிட்டால் வாங்காமல் வாருங்கள்.