இரு பேஸ்கள், இரு கம்பித் தொகுதிகள்: ஜாஸ் ஃப்ளாட்ஸும் ஸ்பைரோகோரும் நீண்ட பயன்பாட்டில்

தாழ்ந்த சுருதிகளுக்கான கம்பிக் கருவியான பேஸை வாசிப்பவருக்குத் தம் கருவியின் ஒலி நிறைவளிக்காமல் போகும்போது, வேறு கருவி வாங்கலாமா, ஆம்பை (ஒலிபெருக்கியை) மாற்றலாமா என்ற யோசனைதான் முதலில் வருகிறது. கம்பியை மாற்றிப் பார்க்கலாம் என்பது கடைசியில்தான் நினைவுக்கு வருகிறது. நானும் பல ஆண்டுகள் அந்த வரிசையிலேயே யோசித்துக்கொண்டிருந்தேன். இப்போது கிட்டார் வடிவிலான என் எலெக்ட்ரிக் பேஸில் நான்கு ஆண்டுகளாகவும், வயலின் வடிவிலான பெரிய மரக் கருவியான டபுள் பேஸில் மூன்று ஆண்டுகளாகவும் ஒரே தொகுதிக் கம்பிகள் இருக்கின்றன. இந்தக் காலத்தில் கருவிகளையும் மாற்றவில்லை, ஆம்பையும் மாற்றவில்லை. கம்பியை மாற்றி, அந்தக் கம்பிக்கு ஏற்பக் கருவியைச் சரிசெய்துகொண்டது மட்டுமே நான் செய்த மாற்றம். இவ்விரண்டும் சேர்ந்தால்தான் பலன் கிடைக்கும் என்பதால், இந்த மதிப்புரையில் கம்பிகளைப் பற்றிப் பேசும் அளவுக்குப் பராமரிப்பைப் பற்றியும் பேச வேண்டியிருக்கிறது.

இரண்டு தொகுதிகளும் வியன்னாவில் 1919-இல் தொடங்கப்பட்ட தொமாஸ்டிக்-இன்ஃபெல்ட் நிறுவனத்தின் தயாரிப்புகள். எலெக்ட்ரிக் பேஸில் இருப்பது ஜேஎஃப் 344 என்ற எண் கொண்ட ஜாஸ் ஃப்ளாட்ஸ். டபுள் பேஸில் இருப்பது ஸ்பைரோகோர், அதிலும் வைஹ் எனப்படும் இழுவிசை குறைந்த வகை. ஒரே நிறுவனத்தைத் தேடிப் போய் வாங்கியதல்ல. தனித்தனியாகத் தேடியபோது இரண்டு தேடல்களும் அங்கே போய் முடிந்தன.

ஜாஸ் ஃப்ளாட்ஸிலிருந்து தொடங்குகிறேன். பேஸ் கம்பியின் நடுவே ஓர் எஃகு உள்ளகம் இருக்கும். அதைச் சுற்றி வேறொரு கம்பி சுற்றப்பட்டிருக்கும். அந்தச் சுற்றுக்கம்பி உருண்டையாக இருந்தால் ரவுண்ட்வுண்ட், தட்டையான பட்டையாக இருந்தால் ஃப்ளாட்வுண்ட். ரவுண்ட்வுண்ட் கம்பியில் விரலை நகர்த்தும்போது கீச்சென்ற உரசல் எழும். கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளான ஃப்ரெட்டுகளும் விரைவில் தேயும். ஃப்ளாட்வுண்ட் வழவழப்பானது. அதன் ஒலியில் மேல் அதிர்வெண்கள் அடங்கி, சுருதியின் அடித்தளம் முன்னால் வரும். அமெரிக்க இசைப்பதிவு நிறுவனமான மோடவுனின் 1960-களின் பதிவுகளில் பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்த பிரசிஷன் பேஸ் என்ற எலெக்ட்ரிக் பேஸில் இருந்ததும் ஃப்ளாட்வுண்ட்தான். அது லா பெல்லா நிறுவனத்தின் தடித்த கம்பி. அதை அவர் மிக அரிதாகவே மாற்றினார் என்பது பேஸ் உலகம் நன்கறிந்த செய்தி.

ஜேஎஃப் 344 அந்தத் தடித்த கம்பிக்கு நேர்மாறானது. ஜி கம்பி 0.043 அங்குலம், டி 0.056, ஏ 0.070, ஈ 0.100. இழுவிசை குறைவு என்பதால் கைக்கு நெகிழ்வாக இருக்கிறது. இடது கையால் கம்பியைச் சற்றே தள்ளிச் சுருதியை அசைக்கவும் முடிகிறது. பெரும்பாலான ஃப்ளாட்வுண்ட் கம்பிகளில் மந்தமாகிப் போகும் நடு அதிர்வெண்கள் இதில் உயிரோடு இருக்கின்றன. மற்றக் கருவிகளுடன் சேர்ந்து வாசிக்கும்போது பேஸ் அமிழ்ந்துபோகாமல் காப்பவை அந்த நடு அதிர்வெண்களே. ஆனால் வலது கையால் ஓங்கி அடித்து வாசிப்பவருக்கு இந்தக் கம்பி ஒத்துவராது. விசை கூடினால் அது ஃப்ரெட்டில் மோதிச் சலசலக்கும். கட்டைவிரலால் அறைந்து வாசிக்கும் ஸ்லாப் முறைக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

இந்தக் கம்பியைப் பூட்டியவுடன் என்ன நடக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் வாங்கக் கூடாது. பேஸின் கழுத்துக்குள் டிரஸ் ராட் என்ற எஃகுத் தண்டு இருக்கிறது. கம்பிகள் கழுத்தை முன்னால் இழுக்கின்றன. தண்டு அதைப் பின்னால் இழுத்துச் சமன்செய்கிறது. இழுவிசை குறைந்த கம்பியைப் பூட்டினால் தண்டின் பக்கம் பலம் கூடி, கழுத்து பின்னோக்கி வளைந்துவிடும். முதல் முறை பூட்டியபோது என் கருவியில் முதல் மூன்று நான்கு ஃப்ரெட்டுகளில் ஒவ்வொரு சுருதியும் சலசலத்தது. பழுது பார்ப்பவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் பிரிட்ஜில், அதாவது கருவியின் உடலில் கம்பிகள் முடியும் உலோகப் பகுதியில், கம்பிகளைத் தாங்கும் சாடில்களை உயர்த்தித் தந்துவிட்டார். சலசலப்பு பாதி குறைந்தது. ஆனால் பன்னிரண்டாம் ஃப்ரெட்டுக்கு மேலே கம்பி விரல் நோகும் உயரத்துக்குப் போய்விட்டது. கழுத்தில் இருந்த குறைக்கு வேறிடத்தில் மருந்து போட்டால் இப்படித்தான் ஆகும்.

பின்னர் நானே செய்துகொண்ட முறை எளிமையானது. கருவியைச் சுருதி சேர்த்து, வாசிக்கும் நிலையிலேயே வைத்துக்கொண்டு, ஈ கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்த வேண்டும். அப்போது ஏழாம் அல்லது எட்டாம் ஃப்ரெட்டின் மேற்பரப்புக்கும் கம்பிக்கும் நடுவே சுமார் 0.3 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் நல்லது. என் பேஸில் இடைவெளியே இல்லை. கம்பி ஃப்ரெட்டின் மீது படுத்துக்கிடந்தது. டிரஸ் ராடைக் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் கால் சுற்று தளர்த்தி, சுருதியைத் திரும்பச் சேர்த்து, இரவு முழுவதும் அப்படியே விட்டுவிட்டேன். மரம் உடனே அசைந்து கொடுப்பதில்லை. மறுநாள் அளந்தபோது மெல்லிய அட்டை ஒன்று நுழையும் அளவுக்கு இடம் விட்டிருந்தது. இன்னொரு கால் சுற்றுக்குப் பிறகு எல்லா ஃப்ரெட்டுகளிலும் சுருதி தெளிவாகக் கேட்டது. அதன் பிறகே சாடில்களை இறக்கி, பதினேழாம் ஃப்ரெட்டில் ஈ கம்பியின் உயரத்தை 2 மில்லிமீட்டருக்குச் சற்று மேலே நிறுத்தினேன். கழுத்து முதலில், உயரம் அடுத்து, சுருதித் துல்லியம் கடைசியில் என்ற வரிசை மாறினால் வேலை இரட்டிக்கும். துல்லியத்தைப் பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் பார்க்க வேண்டும்: அங்கே அழுத்தி வாசிக்கும் சுருதி, அதே இடத்தில் அழுத்தாமல் மெல்லத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்கைவிடக் கூடுதலாக இருந்தால் சாடிலைக் கழுத்திலிருந்து பின்னுக்குத் தள்ள வேண்டும், குறைவாக இருந்தால் முன்னுக்குக் கொண்டுவர வேண்டும்.

ஃப்ளாட்வுண்ட் கம்பியை வெட்டுவதிலும் ஒரு நுட்பம் உண்டு. மிச்சத்தை வெட்டுவதற்கு முன், வெட்டப்போகும் இடத்திற்குச் சற்று உள்ளே கம்பியைச் செங்கோணமாக மடித்துவிட வேண்டும். மடிக்காமல் வெட்டினால் மேற்பட்டை உள்ளகத்திலிருந்து நழுவத் தொடங்கும். அப்படி நழுவிய கம்பி மந்தமாகிவிடும், பிறகு அதை மீட்க முடியாது.

இனி டபுள் பேஸ். இரண்டு கருவிகளிலும் ஈ கம்பியின் அதிர்வெண் 41.2 ஹெர்ட்ஸ்தான். ஆனால் எலெக்ட்ரிக் பேஸில் அதிரும் கம்பியின் நீளம் பெரும்பாலும் 34 அங்குலம், அதாவது சுமார் 86 சென்டிமீட்டர்; முக்கால் அளவு டபுள் பேஸிலோ 104 முதல் 106 சென்டிமீட்டர். நான்கு கம்பிகளின் மொத்த இழுவிசை நூறு கிலோகிராமை ஒட்டியோ அதைத் தாண்டியோ போகிறது. அந்த விசையில் ஒரு பங்கு, கம்பிகளைத் தாங்கி நிற்கும் மரத் துண்டான குதிரையின் இரு கால்கள் வழியாக மேற்பலகையின் மீது இறங்கிக்கொண்டே இருக்கிறது. ஆகவே இங்கே கம்பியைத் தேர்ந்தெடுப்பது கருவியின் உடல்நலத்தையும் சேர்த்துத் தேர்ந்தெடுப்பதாகும். என் கருவி பழையது, மேற்பலகை மெல்லியது. அதனால்தான் நடுத்தர இழுவிசை கொண்ட மிட்டல் வகையை விட்டுவிட்டு வைஹை எடுத்தேன்.

ஸ்பைரோகோரின் உள்ளகம் ஒற்றை எஃகுக் கம்பி அல்ல. மெல்லிய எஃகு இழைகளைக் கயிறுபோல முறுக்கிச் செய்தது. விரலால் மீட்டினால் ஒலி நெடுநேரம் நிற்கிறது, நிற்கும்போதே லேசாக உறுமுகிறது. ஜாஸ் வாசிப்பவர்களிடையே இந்தக் கம்பி பல பத்தாண்டுகளாக நிலைத்திருப்பதற்கு அந்த உறுமல்தான் காரணம். தாளத்தின் அடிக்கு ஒரு சுருதியாக நடைபோடும் பேஸ் வரியில் ஒரு சுருதி முடியும் இடமும் அடுத்தது தொடங்கும் இடமும் தெளிவாகக் கேட்கின்றன. புதிதாகப் பூட்டிய முதல் சில வாரங்களில் ஒலியில் உலோகத்தின் கூர்மை மிகுந்திருக்கும். அந்த நேரத்தில் இதைக் கேட்டு ஏமாந்து கழற்றிவிடுவோர் உண்டு. பொறுத்திருக்க வேண்டும் என்பதே என் அனுபவம். எனக்கு இரண்டு மாதங்கள் நாள்தோறும் வாசித்த பிறகே அந்தக் கூர்மை அடங்கி, மரத்தின் குரல் வெளியே வந்தது. மூன்றாம் ஆண்டிலும் அந்தக் குரல் தேயவில்லை.

வில்லால் வாசிப்பவர்கள் இதை வேறு கண்ணோடு பார்க்க வேண்டும். வில் பட்டதும் பதில் சொல்வதில் இது மென்மையான கம்பி அல்ல. ஜி கம்பியில் குறிப்பாக முரடு தெரிகிறது. இசைக்குழுவில் பெரும்பாலும் வில்லோடே இருப்பவர், வில்லுக்கென்றே செய்த கம்பியை வாங்குவது நல்லது. இரண்டும் வேண்டுமென்பவர்கள் ஈ, ஏ இரண்டையும் ஸ்பைரோகோராக வைத்துக்கொண்டு, டி, ஜி இரண்டுக்கும் வேறு மென்மையான கம்பியைப் பூட்டுவதும் வழக்கத்தில் உள்ளது. வாங்கும்போது உறையை நன்றாகப் படிக்க வேண்டும். ஆர்கெஸ்ட்ரா சுருதிக்கான தொகுதியும், அதைவிட ஒரு முழுச் சுரம் மேலே சேர்க்கும் சோலோ தொகுதியும் தனித்தனியாக விற்கப்படுகின்றன. முக்கால் அளவுக்கும் முழு அளவுக்கும் கம்பிகள் வேறு.

கம்பி மாற்றும்போது ஒவ்வொன்றாகத்தான் மாற்ற வேண்டும். டபுள் பேஸின் உள்ளே, மேற்பலகைக்கும் அடிப்பலகைக்கும் நடுவே, சவுண்ட் போஸ்ட் என்ற சிறு மரக்குச்சி நிற்கிறது. அது பசையால் ஒட்டப்பட்டதல்ல. கம்பிகளின் அழுத்தத்தில்தான் நிற்கிறது. நான்கு கம்பிகளையும் ஒருசேரக் கழற்றினால் குதிரையும் சாயும், உள்ளே அந்தக் குச்சியும் விழக்கூடும். விழுந்தபின் கம்பியைத் திரும்ப இறுக்கினால் தாங்குவாரில்லாத மேற்பலகை உள்வாங்கும். என் கருவியில் ஒரு முறை அது விழுந்த ஒலியைக் கேட்டிருக்கிறேன். வெற்றுப் பெட்டிக்குள் பென்சில் உருண்டதுபோல இருந்தது. அந்தக் கணமே மிச்சமிருந்த கம்பியையும் தளர்த்திவிட்டு, தெரிந்த கைவினைஞரிடம் கொண்டுபோனதால் பலகை தப்பியது.

சுருதி சேர்க்கும் ஒவ்வொரு முறையும் கம்பி குதிரையின் தலையை விரற்பலகையை நோக்கி இழுத்துச் செல்கிறது. குதிரையின் பின்பக்கம், அதாவது கம்பிகளின் கீழ்முனைகள் மாட்டப்பட்ட டெய்ல்பீஸை நோக்கிய முகம், மேற்பலகைக்குச் செங்குத்தாக இருக்கிறதா என்று பக்கவாட்டில் நின்று வாரம் ஒரு முறையாவது பார்க்க வேண்டும். சாய்ந்திருந்தால் கம்பியைச் சற்றே தளர்த்தி, இரு கைகளாலும் பிடித்துப் பின்னுக்குத் தள்ள வேண்டும். கவனிக்காமல் விட்டால் குதிரையே வளைந்துபோகும். கம்பி பதியும் பள்ளங்களில் மெல்லிய பென்சில் கரி பூசினால் கம்பி எளிதாக நழுவி, இந்த இழுப்பு குறைகிறது.

ஈரப்பதமும் இதே அளவுக்கு முக்கியம். காற்றில் ஈரப்பதம் 40 முதல் 60 விழுக்காட்டுக்குள் இருந்தால் மரம் நிம்மதியாக இருக்கும். ஈரம் கூடினால் மேற்பலகை உப்பிக் கம்பியின் உயரம் ஏறும். வறண்டால் பலகை தணிந்து கம்பி இறங்கும். மிகவும் வறண்டால் பலகையில் விரிசல் விழும். குதிரைக் கால்களில் திருகு சக்கரங்கள் பொருத்திக்கொண்டால் பருவத்துக்கேற்ப உயரத்தை நாமே சரிசெய்துகொள்ளலாம். டபுள் பேஸுக்காகச் செய்யும் செலவுகளில் இதைவிடப் பயன் தந்தது எனக்கு வேறில்லை.

ஆம்பைப் பற்றிச் சொல்லக் குறைவாகவே இருக்கிறது. டபுள் பேஸின் ஒலியைப் பெருக்கும் முயற்சிக்கு நீண்ட வரலாறு உண்டு. ஆம்ப் தயாரிக்கும் ஆம்பெக் நிறுவனத்தின் பெயரே, கருவியைத் தரையில் ஊன்றும் அடிக்குச்சிக்குள் மைக்கைப் பொருத்தி ஒலியைப் பெருக்கும் யோசனையிலிருந்து 1940-களில் பிறந்தது. இன்று பெரும்பாலும் அதிர்வை மின்சைகையாக மாற்றும் பியெசோ பிக்அப்பைக் குதிரையில் பொருத்துகிறோம். அந்த ஒலி மூக்கடைத்ததுபோல மெலிந்து கேட்டால் கம்பியைக் குற்றம் சொல்வதற்குமுன் ஆம்பின் உள்ளீட்டு மின்மறுப்பை, அதாவது உள்ளே வரும் மின்சைகைக்கு அது காட்டும் எதிர்ப்பை, பார்க்க வேண்டும். பியெசோ ஒரு சிறு மின்தேக்கியைப் போல நடந்துகொள்வதால், உள்ளீட்டு மின்மறுப்பு குறைவாக இருந்தால் அடி அதிர்வெண்கள் வடிகட்டப்பட்டுவிடும். 1 மெகாஓம் குறைந்தபட்சம்; 10 மெகாஓம் கொண்ட ப்ரீஆம்ப் (முன்பெருக்கி) நடுவில் இருந்தால் கவலையே இல்லை. ஸ்பைரோகோர் எஃகுக் கம்பி என்பதால் காந்த பிக்அப்பும் அதில் வேலை செய்யும். விலங்குக் குடலில் செய்த நரம்புக் கம்பியிலும் செயற்கை உள்ளகக் கம்பியிலும் பெரும்பாலும் அந்த வாய்ப்பு இல்லை.

துடைப்பது இரு கருவிகளுக்கும் பொது. வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் கம்பியின் மேலும் கீழும் துடைத்தால் வியர்வையின் உப்பு உள்ளே இறங்காது. வில்லில் பூசும் ரோசின் என்ற பிசின் படிந்த இடத்தை அன்றன்றே துடைத்துவிட வேண்டும். ஆல்கஹால் நனைத்த துணியைப் பயன்படுத்துவோர் டபுள் பேஸின் மேற்பலகையைக் கெட்டியான துணியால் மூடிக்கொள்வது அவசியம். ஒரு சொட்டு விழுந்தாலும் வார்னிஷ் கரையும்.

மென்மையாக வாசிப்பவருக்கும், ஒலியின் அடித்தளத்தை விரும்புபவருக்கும் ஜாஸ் ஃப்ளாட்ஸைத் தயங்காமல் சொல்வேன். விரலால் மீட்டும் டபுள் பேஸ்காரருக்கு ஸ்பைரோகோரைச் சொல்வேன். பழைய கருவியென்றால் வைஹிலிருந்து தொடங்கச் சொல்வேன். இரண்டும் தொடக்கச் செலவு கூடிய கம்பிகளே. ஆனால் என் ரவுண்ட்வுண்ட் கம்பிகள் சில மாதங்களில் பளபளப்பை இழந்து குப்பைக்குப் போன காலத்தோடு ஒப்பிட்டால், மொத்தச் செலவு இவற்றில்தான் குறைந்திருக்கிறது. அடுத்த முறை மாற்றும்போது, கழற்றும் ஸ்பைரோகோரையும் தூக்கி எறியப் போவதில்லை. பெரிய வளையமாகச் சுற்றி, எது எந்தக் கம்பி என்று எழுதி, கருவியின் உறைப் பையில் வைத்துக்கொள்வேன். நிகழ்ச்சிக்கு முந்தைய நாள் ஒரு கம்பி பழுதானால், கூர்மை அடங்கிப் பழகிய கம்பி ஒன்று அந்தப் பையிலேயே இருக்கும்.