நெக்ஸ்கார்ட் மாத்திரை: மஸ்கெலியா மழைக்கு ஒத்துவருமா?

நேராகவே சொல்லிவிடுகிறேன். இலங்கை மலைநாட்டில் நாய் வளர்ப்பவர்களுக்கு உண்ணி, தெள்ளு இரண்டுக்கும் கழுத்துப்பட்டி, முதுகில் விடுகிற சொட்டு மருந்து, பவுடர் எல்லாவற்றையும் விட வாயால் கொடுக்கிற மாத்திரைதான் சரி. காரணம் மழை. மஸ்கெலியாப் பக்கம் மே மாதக் கடைசியில் பிடிக்கிற மழை செப்டம்பர் வரைக்கும் லேசில் விடாது, எங்கள் ஜிம்மியோ தேயிலை மலைக்குள் ஓடிவிட்டு சொட்டச் சொட்ட நனைந்து வருகிற ரகம். சொட்டு மருந்து விட்டால் இரண்டு நாளைக்காவது உடம்பு நனையாமல் பார்க்கச் சொல்கிறார்கள், அதை இங்கே யார் பார்ப்பது? பவுடர் போட்டால் வாசலைத் தாண்டுவதற்குள் சேறாகிவிடும்.

அப்படிப்பட்ட ஒரு மாத்திரைதான் நெக்ஸ்கார்ட். அதில் இருக்கிற மருந்தின் பெயர் அஃபோக்சோலனர், மாதத்துக்கு ஒன்று கொடுக்க வேண்டும். மாட்டிறைச்சி வாசனை சேர்த்த மெல்லுகிற மாத்திரை என்பதால் ஜிம்மிக்கு அது மருந்து என்றே தெரியவில்லை, கையிலிருந்து பிடுங்கித் தின்றது. (வீட்டுக்குள் மாட்டிறைச்சியே ஏற்றாத அம்மா, "அந்தக் கருமத்தை இஸ்தோப்பில் வைத்துக் கொடு" என்று வாசல் திண்ணையைக் காட்டிவிட்டார், அது வேறு கதை.)

மாத்திரை நாயின் எடைக்கு ஏற்றபடி வரும்: 2 முதல் 4 கிலோ, 4 முதல் 10, 10 முதல் 25, 25 முதல் 50 என்று. அதனால் எடையைச் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும். நான் ஜிம்மியைத் தேயிலைக் கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குத் தூக்கிப் போய், சாக்கில் உட்கார வைத்துத் தராசில் மாட்டினேன். கணக்குப்பிள்ளை சிரித்துக்கொண்டே, நனைந்த கொழுந்துக்குக் கழிக்கிற மாதிரி, "தண்ணிக்கு ரெண்டு கிலோ கழிக்கவா?" என்று கேட்டார். பெரிய நாயின் மாத்திரையை வாங்கிப் பாதியாக வெட்டிக் கொடுத்தால் லாபம் என்று டவுனில் ஒரு கடைக்காரர் யோசனை சொன்னார். கேட்காதீர்கள். பிரித்துக் கொடுக்கக் கூடாது என்றுதான் இருக்கிறது, இரண்டு பாதியிலும் மருந்து சமமாக இருக்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

வேலை செய்கிறதா என்றால், செய்கிறது. தெள்ளு அன்றைக்கே அடங்கிவிடும், எட்டு மணி நேரத்துக்குள் கிட்டத்தட்ட எல்லாம் செத்துவிடும். உண்ணிக்கு இரண்டு நாள் எடுக்கும். ஆனால் இது உண்ணியை விரட்டுகிற மருந்து இல்லை. மருந்து நாயின் இரத்தத்தில்தான் இருக்கிறது, உண்ணி கடித்து இரத்தம் குடித்தால்தான் சாகும். ஆகவே மாத்திரை கொடுத்த பிறகும் நாய் மேல் உண்ணியைப் பார்த்தால் ஏமாந்துவிட்டோம் என்று நினைக்க வேண்டாம். ஜிம்மியின் கால்விரல் இடுக்கில் ஆமணக்கு முத்து மாதிரி ஊதிக் கிடப்பவை இப்போது தட்டையாகக் காய்ந்து, விரலால் தட்டினாலே உதிர்கின்றன. காது மடிப்பையும் கழுத்துப்பட்டிக்குக் கீழேயும் இன்னும் தினமும் தடவிப் பார்க்கிறேன், ஏனென்றால் பபீசியா, எர்லிக்கியா போன்ற உண்ணிக் காய்ச்சல்கள் நம் நாட்டு நாய்களுக்கு நிறைய வருகின்றன, உண்ணி சாவதற்கு முன்பே கிருமியை இறக்கிவிடலாம். நாய் சாப்பாட்டை விட்டு, ஈறு வெளுத்து, மூத்திரம் கறுத்துப் போனால் மாத்திரையை நம்பி உட்காராமல் மாட்டு டாக்டரிடம் ஓடுங்கள். பேராதனை மிருக வைத்திய பீடத்து ஆஸ்பத்திரியும் இருக்கிறது.

நாயை மட்டும் கவனித்தால் பாதி வேலைதான். தெள்ளில் நாய் மேல் இருப்பது நூற்றுக்கு ஐந்து பங்குதான் என்பார்கள், மீதி முட்டையாக, புழுவாக, கூட்டுப்புழுவாக வீட்டுக்குள் கிடக்கிறது. இங்குள்ள குளிர் அதைக் கொன்றுவிடும் என்று நம்பினால் ஏமாற்றம்தான், ஏனென்றால் நம் நாய்கள் படுப்பது அடுப்படியில், சாக்கின் மேல். சூடும் ஈரமும் சேர்ந்த அந்த இடத்தை விட்டு தெள்ளு எங்கே போகும்! கூட்டுப்புழு மாதக்கணக்கில் சும்மா கிடந்து, காலடி அதிர்வு பட்டதும் வெளியே வரும். கொழும்புக்குப் போய் இருந்துவிட்டு வந்து வீட்டைத் திறந்ததும் காலெல்லாம் தெள்ளு ஏறுவது இதனால்தான். சாக்கைக் கொதிநீரில் போடுங்கள், இல்லை எரித்துவிடுங்கள். சுவர் வெடிப்புகளையும் பூச வேண்டும், ஒரு பெண் உண்ணி அங்கே ஆயிரக்கணக்கில் முட்டையிடும். வரிசையாக ஒட்டிய லயத்து வீடுகளில் பக்கத்து வீட்டு நாய்க்கும் மருந்து கொடுக்காவிட்டால் ஒரு மாதத்தில் பழைய கதைதான். அதற்காக மண்ணெண்ணெய் பூசுவது, தோட்டத்துப் பூச்சி மருந்தைக் கரைத்து ஊற்றுவது எல்லாம் வேண்டவே வேண்டாம், நாய் நக்கிச் செத்துவிடும்.

எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டிக்கும் இரண்டு கிலோ தேறாத நாய்க்கும் கொடுக்கக் கூடாது. வலிப்பு வந்த நாய் என்றால் டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம், இந்த வகை மருந்துகளால் சில நாய்களுக்கு வலிப்பு வரலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2018இல் எச்சரித்திருக்கிறது. ஜிம்மிக்கு முதல் நாள் கொஞ்சம் வயிற்றோட்டம் இருந்தது, அப்புறம் ஒன்றும் இல்லை.

ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். குறைந்த ஒரு மார்க் விலைக்கு. தோட்டத்தில் ஒரு நாள் பேருக்கு, அதாவது ஒரு நாள் வேலைக்கு, கிடைக்கிற காசு ஒரு மாத்திரைக்கே போதாது, அதுவும் மாதாமாதம். கையில் காசு குறைவென்றால் வருடம் முழுக்க அரைகுறையாகக் கொடுப்பதை விட, உண்ணி பெருகுகிற மாதங்களில் விடாமல் கொடுக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள். வாங்கும்போது உறை பிரிக்காததா என்று பார்த்து, காலாவதித் தேதியையும் பார்த்து வாங்குங்கள்.