மார்கரெட் டெய்சி ஆன்லைன்ல வாங்கப் போறீங்களா? 1,850 ரூபாய் போன கதை

1,850 ரூபாய் போச்சு. செடி ஒண்ணு 275, ஆறு செடிக்கு 1,650, கூரியர் 200. செடி விக்கிற ஒரு வாட்ஸ்அப் குரூப்ல வாங்கினது. பேரு வேண்டாம். கடைசியில கன்னியாகுமரி மாவட்டத்துல எங்க தக்கலைப் பக்கம் இந்தச் செடியை எப்படி வளர்க்கணும்னும் எழுதுறேன்.

இது கானரித் தீவுச் செடி, குளிர்ச்சி கேக்கும். நம்ம ஊர்ல மழை ஓய்ஞ்சப்புறம் மார்கழியில இருந்து மாசி வரைக்கும்தான் கணக்கு. பங்குனி வெயில் ஏறினா மொட்டு வைக்காது. விக்கிறவன்கிட்ட அதைத்தான் முதல்ல கேட்டேன். "வருஷம் முழுக்க பூக்கும் அண்ணா"ன்னான். அங்கேயே விட்டிருக்கணும். வேர் போட்டோ கேட்டேன், ரெண்டே நிமிஷத்துல வந்துச்சு: தொட்டியில இருந்து உருவின மண்கட்டி, சுத்தி வெள்ளை வெளேர்னு வேர். வேரையே காட்டுறானே, இவனை நம்பலாம்னு உடனே ஜிபேல முழுப்பணமும் போட்டாச்சு.

வந்த ஆறும் பூவோட ஜம்முன்னு இருந்துச்சு. நாலாம் நாள் தலை தொங்கிச்சு. வெயில் வாட்டம்னா காலையில நிமிர்ந்திரும், இது நிமிரல்ல. ஒண்ணைப் பிடிச்சு லேசா தூக்கினா, ஸ்டாண்டுல இருந்து ஊதுபத்திக் குச்சி வாறமாதிரி வந்திருச்சு. ஒரு வேர் இல்ல. அடியில சாய்வா வெட்டின வெட்டு, கறுத்து கொழகொழன்னு. பூத்த கிளையை ஒடிச்சு தேங்காய்நார்த் தூள்ல குத்தி அனுப்பியிருக்கான்! நாலு இப்படி. மீதி ரெண்டுல வேர் இருந்துச்சு, ஆனா அது மார்கரெட்டே இல்ல. மார்கரெட் இலை மெல்லிசா கீறிக் கீறி, கொஞ்சம் சாம்பல் பூத்த பச்சையா இருக்கும். இது அகல இலை, கசக்கினா செவ்வந்தி வாசம். தோவாளைச் சந்தையில கிலோக்கணக்குல அள்ளுற பூவோட செடிக்கு 275 ரூபாய்!

கேட்டதுக்கு முதல்ல "நிழல்ல வைங்க, சரியாயிரும்." அடுத்து "தண்ணி கூடிப்போச்சு." அப்புறம் "உங்க ஊர் உப்புக்காத்து." தக்கலையில ஏதுடே கடல்? கடைசியா "பார்சல் பிரிக்கிற வீடியோ இருக்கா?" இல்லன்னதும் பிளாக். 1,850 ரூபாய்க்கு ஒரு சாரிகூட இல்ல.

விரிவா எழுத இப்ப மனசில்ல, சுருக்கமா சொல்லிடுறேன். பூவோட வாற சின்னச் செடியை நம்பாதீங்க. தொட்டியை அசைச்சு வீடியோ கேளுங்க, தண்டு மட்டும் ஆடினா வேர் இல்ல. நீல மார்கரெட்னு படம் போட்டா அது வேற செடி, இல்ல கலர் மாத்தின படம். தெரிஞ்சவங்க வீட்டுல செடி இருந்தா, பூக்காத நுனியில மூணு நாலு அங்குலம் ஒடிச்சு, கீழ் இலையைக் களைஞ்சு, மணலும் நார்த்தூளும் சரிபாதி கலந்து நிழல்ல நடுங்க. மூணு நாலு வாரத்துல வேர் விடும். நம்ம செம்மண்ணை மட்டும் போட்டா மழையில இறுகி வேர் அழுகிரும். இலையில வெள்ளையா கோடு ஓடினா உள்ள புழு இருக்கு, அந்த இலையைக் கிள்ளித் தூர எறிங்க. பார்சலை வீடியோ எடுக்காம பிரிக்காதீங்க.