புதுக் கோயில்: பார்க்க நன்றாக இருக்கிறது, கேட்கத்தான் முடியவில்லை

போன மாதம் எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் ஸ்பீக்கரை மறுபடியும் மாற்றினார்கள். பீடத்துக்கு இரண்டு பக்கமும் நின்ற பெரிய பெட்டிகளை இறக்கிவிட்டு, தூணுக்குத் தூண் தூண்போல் நீளமான, ஒல்லியான காலம் (column) ஸ்பீக்கர் மாட்டியிருக்கிறார்கள். அதே வாரம் திருவாரூர்ப் பக்கத்திலிருந்து மச்சான் போன் செய்தார். "எங்க பங்குலயும் புதுசாக் கட்டப் போறோம். உங்க கோயில் எப்படி இருக்கு? உங்க பிளானையே வாங்கிக்கலாமான்னு ஃபாதர் கேக்கச் சொன்னார்." போனில் சொன்னது எனக்கே போதவில்லை. புதுக் கோயில் கட்டும் யோசனையில் இருக்கிற எல்லாப் பங்குக்காரர்களுக்குமாக (ஒரு கோயிலைச் சேர்ந்த சபையைத்தான் பங்கு என்போம்) எழுதுகிறேன்.

எங்கள் ஊர் ஒரத்தநாட்டுக்குத் தெற்கே, புது ஆற்றுப் பாசனத்தில் இருக்கிறது. பழைய கோயில் ஓட்டுக் கூரை, சுண்ணாம்புச் சுவர், பனங்கை. 2018 நவம்பர் 16 விடிகாலையில் கஜா புயல் வந்து ஓட்டை வாரிக்கொண்டு போனது. தென்னை சாய்ந்த வீடுகளில் சாப்பாட்டுக்கே வழி தெரியாத நேரம் அது. இருந்தும் தகரக் கொட்டகை போட்டுப் பூசை வைத்துக்கொண்டே, சம்பா அறுப்புக்கு அறுப்பு வீட்டுக்கு வீடு மூட்டை நெல் கொடுத்து, சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் இருக்கிற பிள்ளைகள் அனுப்பியதையும் சேர்த்துக் கட்டிய கோயில் இது. அதனால்தான் இதைப் பற்றிக் குறை எழுதும்போது கை தயங்குகிறது. இந்தக் கோயிலை நான் நேசிக்கிறேன். மழைக்கு ஒரு சொட்டு ஒழுகியதில்லை. காற்று எப்படி அடித்தாலும் உள்ளே பயமில்லை. பீடத்துக்கு மேலே டோம், கிரானைட், வண்ணக் கண்ணாடி எல்லாம் அர்ச்சிப்பு (புதுக் கோயிலைப் புனிதப்படுத்தும் சடங்கு) வீடியோவில் பார்த்திருப்பீர்கள். அதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

எக்கோ அடிக்கிறது. எனக்கு இருக்கிற குறை அது ஒன்றுதான். அந்த ஒன்று பங்கின் வாழ்க்கையையே மாற்றிவிட்டது.

அர்ச்சிப்பு அன்றைக்கு யாருக்கும் தெரியவில்லை. ஆயர் (பிஷப்) கிறிஸ்மா என்கிற புனிதத் தைலத்தைப் பீடத்தில் ஊற்றித் தேய்த்து, சுவர்ச் சிலுவைகளில் பூசும்போது கோயிலுக்குள் எள் போட்டால் எள் விழாத கூட்டம். பேச்சு தெளிவாகக் கேட்டது. மறுநாள் காலைப் பூசைக்கு முப்பது பேர் வந்தோம். ஃபாதர் "பிதா, சுதன்" என்று ஆரம்பித்ததுமே ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவர் சொன்னது போய் டோமில் முட்டி, பின்சுவரில் முட்டி, அடுத்த வார்த்தையின் தலைமேல் வந்து விழுந்தது.

நான் பிளஸ் டூவுக்கு இயற்பியல் நடத்துகிறவன். இதன் கணக்கு தெரிந்தது என்பதால் எரிச்சல் இன்னும் கூடிப்போனது. ஹார்வர்டில் வாலஸ் சபைன் என்ற இளம் ஆசிரியர் 1895-ல் இதே சிக்கலில்தான் இறங்கினார். அங்கே ஒரு விரிவுரை அறையில் பேச்சு புரியவில்லை. பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை ராத்திரியில் கொண்டுவந்து போட்டு, எத்தனை மெத்தைக்குச் சத்தம் எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது என்று அளந்தார். அவர் கண்ட விதி எளிமையானது. கட்டடத்தின் கன அளவு கூடினால் முழக்கம், அதாவது சத்தம் அடங்க ஆகிற நேரம், நீளும். சத்தத்தைக் குடிக்கிற பரப்பு கூடினால் முழக்கம் குறையும். எங்கள் கோயில் உள்ளே எண்பதடி நீளம், நாற்பதடி அகலம், முப்பதடி உயரம். கிட்டத்தட்ட 2,700 கன மீட்டர் காற்று. டைல்ஸ், கிரானைட், பூச்சுச் சுவர், கண்ணாடி எதுவும் சத்தத்தைக் குடிக்காது, திருப்பி அனுப்பும். குடிக்கிறது மனித உடம்பும் துணியும்தான். முன்னூறு பேர் உட்கார்ந்திருக்கும் ஞாயிறு பூசையில் முழக்கம் இரண்டு விநாடிக்குக் கொஞ்சம் மேல் என்று என் கணக்கு. வெறும் கோயிலில் ஒரு கை தட்டினால் அடங்க ஆறேழு விநாடி. பேச்சு புரிய வேண்டுமென்றால் ஒரு விநாடிப் பக்கம் இருக்க வேண்டும். நாம் ஒரு விநாடிக்கு ஐந்தாறு எழுத்து பேசுகிறோம். இரண்டு விநாடி முழக்கம் என்றால் பத்துப் பன்னிரண்டு எழுத்து ஒன்றின்மேல் ஒன்றாகக் குவிந்து கிடக்கும்.

பழைய கோயிலில் இந்தத் தொல்லை ஏன் இல்லை என்று இப்போது யோசித்தால் தெரிகிறது. கூரை தாழ்வு. ஓட்டுக்கும் ஓட்டுக்கும் இடையில் சந்து. சுண்ணாம்புச் சுவர் சொரசொரப்பு. பக்கத்துக் கதவுகள் எல்லாம் திறந்தே கிடக்கும். தரையில் கோரைப்பாய், அதில் பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு நெருங்கி உட்கார்ந்த பெண்கள். கரண்டு போன நாளில் மைக் இல்லாமலேயே சாமியார் குரல் கடைசி ஆள் வரைக்கும் போகும். ஒலியைப் பற்றி யோசித்து யாரும் அதைக் கட்டவில்லை. இருந்த பொருளே அந்த வேலையைச் செய்தது. புதுக் கோயிலில் அந்தப் பொருள் ஒவ்வொன்றையும் எடுத்துவிட்டு, அதற்குப் பதிலாக ஒன்றையும் வைக்கவில்லை. கட்டியவர் பெரிய என்ஜினியர். டோமின் உள்பக்கம் சத்தத்தைக் குவிக்கும், ஏதாவது செய்யுங்கள் என்று பிளான் நிலையிலேயே கேட்டேன். "சவுண்ட் சிஸ்டம் போட்டா சரியாயிடும்" என்றார். அந்தப் பதில் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. சத்தத்தைக் கூட்டினால் எக்கோவும் அதே அளவு கூடும் என்பது பதினோராம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும்.

எது போனது என்று மச்சான் கேட்டார். வாசகம் முடிகிற இடம் போனது. "ஆண்டவரின் அருள்வாக்கு" என்று வாசிக்கிற பிள்ளை சொல்லும். முன் வரிசை உடனே "இறைவா உமக்கு நன்றி" என்னும். நடுவில் இருக்கிறவர்கள் முன் வரிசையைக் கேட்டுச் சொல்வார்கள். பின்னால் இருக்கிறவர்களின் நன்றி, பதிலுரைப் பாடல் ஆரம்பித்த பிறகு வரும். கல்யாண ஓலை போனது. மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பதே ஊருக்குத் தெரியட்டும், தடை ஏதாவது இருந்தால் சொல்லட்டும் என்றுதான். மூன்றாவது வாரமும் முடிந்த பிறகு, "பொண்ணு யாரு வீட்டுதுடி?" என்று வாசலில் விசாரித்துக்கொண்டிருந்தார்கள். நவநாளில் இறந்தவர்களுக்கான வேண்டுதல் கருத்து வாசிக்கும்போது தன் புருஷன் பெயர் வந்ததா இல்லையா என்று தெரியாமல் கண் கலங்கிய ஒரு அக்காவைப் பார்த்தேன். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் சின்னக் கோபமில்லை.

எல்லாவற்றிலும் பெரிய இழப்பு ஜனங்களின் பாட்டு. பழைய கோயிலில் பாடகர் குழு தொடங்குவதற்கு முன்னாலேயே பாயில் இருந்து பாட்டு கிளம்பிவிடும். இங்கே தங்கள் குரலே தாமதமாகத் திரும்பி வந்து தாளத்தைக் குலைக்கிறது. ஒவ்வொருவராக நிறுத்திக்கொண்டார்கள். இப்போது கீபோர்டும் மைக்கும் வைத்த ஐந்தாறு பேர் பாடுகிறார்கள், நாங்கள் பார்க்கிறோம்.

தாழ்வாரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரண்டு பக்கமும் எட்டடி அகலத்துக்குத் தாழ்வாரம் விட்டார்களே, அது யாரும் எதிர்பார்க்காத பெரிய சந்தோஷம். வெளியே திறந்தவெளிக்காக அங்கே சின்னச் சின்ன ஸ்பீக்கர் வைத்தார்கள். முட்டித் திரும்ப எதிரே சுவர் இல்லை, அதனால் மறையுரை (சாமியாரின் பிரசங்கம்) அட்சரம் பிசகாமல் கேட்கிறது. முதலில் கண்டுபிடித்தது எங்கள் சின்ன அப்பாயி. நாற்காலி ஒத்துவரவில்லை என்று சொல்லிப் பாயைத் தாழ்வாரத்தில் விரித்தது. அடுத்த வாரம் அதற்குப் பக்கத்தில் இன்னும் நாலு பாய். வாசலில் நிற்கிறது ஆண்கள் பழக்கமாக இருந்தது போய், வயசான பெண்கள் எல்லாம் இப்போது வெளியேதான். பூசை முடிந்தும் உடனே எழுந்திருக்க மாட்டார்கள். அன்பியத்து (பங்குக்குள் இருக்கிற சின்னக் குழு) வரவுசெலவு, மேட்டூர்த் தண்ணீர் கடைமடைக்கு வந்ததா என்கிற பேச்சு, யார் வீட்டில் உடம்பு சரியில்லை, ஏழைகளுக்கு உதவுகிற வின்சென்ட் தே பால் சபையில் இருந்து யார் போய்ப் பார்ப்பது, எல்லாம் அங்கேதான் முடிவாகிறது. கொட்டகைக் காலத்தில் சிதறிப் போன பங்கு, இந்தத் தாழ்வாரத்தில்தான் மறுபடி சேர்ந்தது. அந்த எட்டடிக்காக என்ஜினியருக்கு நான் மனசார நன்றி சொல்கிறேன். ஆனால் ஃபாதர் "உள்ள வாங்கம்மா, உள்ள இடம் இருக்கு" என்று கூப்பிடும்போது அப்பாயி சொன்ன பதிலையும் சொல்லிவிடுகிறேன்: "உள்ள வந்தா உங்க முகம் தெரியுது சாமி, பேச்சு கேக்கல. இங்க பேச்சு கேக்குது, அது போதும்."

இந்த வருஷப் பெரிய வெள்ளி இந்தக் கணக்கையெல்லாம் குழப்பிவிட்டது. பெரிய வியாழன் பூசைக்குப் பிறகு மணி அடிப்பதில்லை, மரக்கட்டைதான். கீபோர்டை மூடி வைத்துவிட்டார்கள். பீடம் துணியில்லாமல் வெறுமையாக இருந்தது. சிலுவையை முத்தி செய்ய (முத்தமிட) வரிசை நகர்ந்துகொண்டிருந்த நேரத்தில் கரண்டு போனது. இன்வெர்ட்டரில் விளக்கு மட்டும் எரியும். தாழ்வாரத்துப் பெண்கள் எழுந்து உள்ளே வந்து, பாடச் சொல்லி யாரும் சொல்லாமலேயே, தவக்காலத்து ஒப்பாரியை எடுத்தார்கள். மெதுவான, இழுத்து இழுத்துப் பாடுகிற வரிகள். ஒரு வரி அடங்குவதற்குள் அடுத்த வரி அதன்மேல் ஏறியது. பத்துப் பன்னிரண்டு பேர் பாடியது நூறு பேர் பாடுவதுபோல் இருந்தது. இவ்வளவு நாள் வாய் திறக்காத ஆண்கள் பக்கமும் சேர்ந்துகொண்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்தப் பழைய ஓட்டுக் கோயிலில் இது நடந்திருக்காது. கண்டிப்பாக நடந்திருக்காது.

காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். அந்த வரிகள் எல்லோருக்கும் மனப்பாடம். காதால் பிரித்துப் புரிந்துகொள்ள ஒன்றுமில்லை. பூசை லத்தீனில் நடந்த காலத்தில் உயரமான கல் கோயில்களுக்கு இந்த முழக்கம் பொருந்தியது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பரில் வழிபாட்டுச் சட்டத்தை வெளியிட்ட பிறகு, பூசை ஜனங்களின் மொழிக்கு வந்தது. சாமியார் எங்கள் பக்கம் திரும்பினார், வாசகத்தை எங்கள் பிள்ளைகளே வாசிக்கிறார்கள். வார்த்தை கேட்க வேண்டும் என்பதற்காக வந்த மாற்றம் அது. கேட்காத கட்டடத்தைக் கட்டிவிட்டு வழிபாடு முழுசாக நடக்கிறது என்று சொல்ல என்னால் முடியாது.

புது காலம் ஸ்பீக்கர் எப்படி என்றால், நல்ல முன்னேற்றம். சத்தத்தைக் கூரைக்கு அனுப்பாமல் தலை மட்டத்துக்கு அனுப்புகிறது, அதனால் தூணுக்குப் பக்கத்து வரிசைகளில் மறையுரை முக்கால்வாசி புரிகிறது. நடுவில் பாதிதான். வார நாள் பூசைக்கு இன்னும் மோசம். இதற்கு மேல் மின்சாரத்தால் ஆகிற காரியம் இல்லை, சுவரில் ஏதாவது செய்ய வேண்டும். பட்டுக்கோட்டைப் பக்கம் தென்னைநார் மில் வைத்திருக்கும் எங்கள் பங்குக்காரர் ஒருவர், நார்ப்பலகை தன் செலவில் தருகிறேன் என்கிறார். நார் சத்தத்தைக் குடிக்கும், சபைனின் மெத்தை செய்த வேலையைச் செய்யும். பெயின்ட் அடித்த சுவரை மூடுவதா என்று பங்கு நிர்வாகத்தைப் பார்க்கிற பேரவையில் பாதிப் பேர் முகம் சுளிக்கிறார்கள்.

மச்சானுக்கு என் பதில்: எங்கள் பிளானை வாங்காதீர்கள். தாழ்வாரத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், முடிந்தால் பத்தடியாக. டோம் வேண்டாம். கட்டாயம் வேண்டுமென்றால், உள்பக்கம் சத்தம் உறிஞ்சும் பூச்சுக்கு எஸ்டிமேட்டிலேயே பணம் ஒதுக்கச் சொல்லுங்கள். பின்சுவரை மொழுமொழு என்று விடாதீர்கள். ஜன்னல் திறக்கிற மாதிரி இருக்கட்டும்.

எங்கள் பேரவையில் நான் பலகைக்குத்தான் கை தூக்குவேன். அந்தப் பெரிய வெள்ளிப் பாட்டு கொஞ்சம் குறைந்துபோகும் என்று தெரிந்தேதான் தூக்குவேன். பின்சுவரிலும் பக்கச் சுவரின் மேல்பாதியிலும் அடிக்கட்டும், பீடத்துப் பக்கம் இப்போதைக்குத் தொட வேண்டாம் என்று கேட்கப் போகிறேன். அடித்து முடித்த முதல் ஞாயிறு, பெயின்ட் எப்படி இருக்கிறது என்று யாரும் பார்க்க வேண்டாம். தாழ்வாரத்து அப்பாயிமாரைக் கூட்டி வந்து கடைசி வரிசையில் உட்கார வைத்து, அந்த வாரத்து ஓலையை வாசிக்கச் சொல்லுங்கள். பொண்ணு யார் வீட்டுப் பெண் என்று அவர்கள் சொல்லிவிட்டால் மில்காரருக்குப் பேரவை மாலை போடலாம்.