ஏர் ரைபிளுக்கு விலை குறைந்த பீப் சைட்: வேலூர் வெயிலில் எப்படி?

துப்பாக்கியின் மேலுள்ள 11 மி.மீ. ரெயிலில் பூட்டுகிற அலுமினிய பீப் சைட் இது, அதாவது சிறு துளை வழியே பார்த்துக் குறிவைக்கும் பின்குறி. 10 மீட்டர் பயிற்சிக்குத் தாராளமாகப் போதும். குறியை நகர்த்தும் திருகுதான் சோதிக்கும்.

முதலில் பழைய பின்குறியைக் கழற்றுங்கள், பார்வையை மறைக்கும். ரெயிலில் எண்ணெய்ப் பசையே இருக்கக் கூடாது. ஸ்ப்ரிங் துப்பாக்கியின் உதைப்பில் சைட் மெல்லப் பின்னால் நழுவும், குண்டு இடம் மாறும், பழி பெல்லட் மேல் விழும்! பின்னால் ஒரு ஸ்டாப்பர் வைத்து, இரண்டு ஆலன் திருகுகளையும் மாற்றி மாற்றி இறுக்குங்கள்.

குண்டு போக வேண்டிய பக்கம்தான் பின்குறியை நகர்த்த வேண்டும். இரு குறிகளுக்கும் இடைவெளி 80 செ.மீ. என்றால், 0.1 மி.மீ. நகர்த்தினால் 10 மீட்டரில் 1.25 மி.மீ. மாறும். ஐந்து குண்டு சுட்டு, அந்தக் கூட்டத்தின் நடுவைப் பார்த்துத் திருப்புங்கள். ஒற்றைக் குண்டை நம்பாதீர்கள். இதில் குறியை நகர்த்தும் திருகு கொஞ்சம் லொடலொட. அதனால் தேவைக்கு மேல் இரண்டு கிளிக் போய், திரும்பி வந்து நிறுத்த வேண்டும்.

பின்குறியை முழுக்க இறக்கியும் குண்டு மேலேயே போகிறதா? முன்குறி குட்டை. உயரமானது மாற்றாமல் வேறு வழியில்லை. கடைக்காரர் இதைச் சொல்வதில்லை.

காட்பாடி மொட்டைமாடிக் கத்திரி வெயிலுக்கு 1 மி.மீ. துளை சரி, அறைக்குள் 1.2. கண் வைக்கும் ரப்பர் கப்பில் வியர்வை கோத்துக்கொள்ளும், துணி கையில் இருக்கட்டும்.