பழைய சூளைக்குக் கோன் சிட்டரா, டிஜிட்டல் கண்ட்ரோலரா?

பினாங்கின் ஜார்ஜ்டவுனில் ஒரு கடைவீட்டின் பின்கட்டில் இருக்கிறது எங்கள் பட்டறை. அங்குள்ள மின்சூளை எங்கள் கைக்கு வரும்போதே பழையது. அமெரிக்கத் தயாரிப்பு, மேலே மூடி, பக்கத்தில் மூன்று சுவிட்ச், ஒரு கோன் சிட்டர், அதாவது வேண்டிய சூடு வந்ததும் சூளையைத் தானே நிறுத்தும் கருவி. வந்து பார்ப்பவர்களில் பாதிப் பேர் “சிட்டரைத் தூக்கிப் போட்டுவிட்டு டிஜிட்டலுக்கு மாறுங்கள்” என்பார்கள்: சூட்டை அளந்து, ஏற்றுவதையும் நிறுத்துவதையும் தானே செய்யும் கண்ட்ரோலர் பெட்டிக்கு. மீதிப் பேர் “பழசுதான் உழைக்கும், கை வைக்காதீர்கள்” என்பார்கள். இரண்டு வழியிலும் சுட்டுப் பார்த்துவிட்டேன். நன்றாக இருக்கும்வரை இரண்டுமே நன்றாகத்தான் இருக்கின்றன. எது எப்படிக் கெடும், கெடுவது நமக்குத் தெரியுமா என்பதில்தான் வித்தியாசம்.

அதற்கு முன்னால் காயிலை, சூளையைச் சூடாக்கும் கம்பிச்சுருளைப் பார்த்துவிடுங்கள். கோன் என்பது குறிப்பிட்ட சூட்டில் இளகி வளையும் சிறு கூம்பு; எந்தச் சூடு என்பதை அதன் எண் சொல்லும். ஆறாம் கோனுக்கு, அதாவது ஏறக்குறைய 1,222 டிகிரி செல்சியஸுக்கு ஏற முடியாமல் சூளை திணறினால், கண்ட்ரோலர் வாங்குவது வீண் செலவு. காயிலில் இருக்கும் காந்தல் (Kanthal) உலோகக் கம்பி பழசாக ஆக அதன் மின்தடை கூடும். 240 வோல்ட்டில் 24 ஆம்பியர் இழுக்கும் சூளை என்று வைத்துக்கொள்வோம். மின்தடை 10 ஓம், திறன் 5,760 வாட். மலேசியாவில் 2008 முதல் பெயரளவு மின்னழுத்தம் 230 வோல்ட். அந்த 230-இல் அதே சூளை 5,290 வாட்தான் தரும். காயில் தேய்ந்து 11 ஓம் ஆகிவிட்டால் சுமார் 4,810. ஆறில் ஒரு பங்கு பலம் போய்விட்டது! மெயினை அணைத்து, மின்சாரம் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள். சிட்டரின் எடையை, விழுந்து மின்சாரத்தை நிறுத்தும் பாகத்தை, தூக்கி மாட்டிவிட்டு அளக்க வேண்டும். அது விழுந்து கிடந்தால் சுற்றே அறுந்திருக்கும்; காயில் போய்விட்டது என்று நினைத்து நான் ஒரு நாள் முழுக்கக் கவலைப்பட்டிருக்கிறேன். புதிதாக இருந்ததைவிடப் பத்து விழுக்காடு கூடியிருந்தால் முழு செட்டையும் மாற்றுவது நல்லது. பழைய காயிலைக் குளிர்ந்த நிலையில் வளைக்காதீர்கள், பிஸ்கட் மாதிரி உடையும்.

சரி, சிட்டர். குட்டிக் கோன் ஒன்றை இரண்டு தாங்கிகள் மேல் படுக்க வைப்போம். அதன் முதுகில் ஒரு கம்பி அமரும். கோன் இளகி வளைந்ததும் கம்பியின் உள்முனை இறங்கும், வெளிமுனை உயரும், கொக்கி விடும், எடை விழும், மின்சாரம் நிற்கும். கோன் சூட்டை மட்டும் பார்ப்பதில்லை, அந்தச் சூட்டில் கழிந்த நேரத்தையும் சேர்த்து வளைகிறது. மண்ணும் அதன்மேல் பூசும் கிளேஸும் (கண்ணாடிப் பூச்சு) வேகுவதும் அப்படித்தான். அந்த வகையில் சிட்டரின் தீர்ப்பு நேர்மையானது.

ஆனால் பினாங்கின் கடல்காற்று கொக்கியைத் துருப்பிடிக்க வைக்கிறது. துரு ஏறினால் கோன் வளைந்த பிறகும் எடை விழாது. அப்போது காப்பாற்றுவது பக்கத்தில் இருக்கும் டைமர் ஒன்றுதான், அதையும் நாம் சரியாகத் திருப்பி வைத்திருந்தால். அதனால் ஒவ்வொரு முறையும் சுடுவதற்கு முன் எடையைக் கையால் தூக்கி விட்டுப் பார்ப்பேன். கோனை வைப்பதிலும் கவனம் வேண்டும்: தடித்த முனைப் பக்கம் கம்பி உட்கார்ந்தால் சூளை கூடுதலாக ஏறிவிடும்.

சிட்டரின் பெரிய குறை வேறு. அது நிறுத்த மட்டுமே தெரிந்தது. ஏற்றும் வேகம் நம் கையில், சுவிட்சில். இந்த ஊர் ஈரத்தில் காய்ந்ததுபோல் தெரியும் பானைக்குள்ளும் தண்ணீர் இருக்கும். 90 டிகிரி வாக்கில் சில மணி நேரம் நிறுத்தி வைக்காவிட்டால் நீராவி வெடித்துச் சில்லாக்கும். இதைக் கண்ட்ரோலர் தூங்காமல் செய்கிறது, நான் தூங்கலாம். சூடு போதிய வேகத்தில் ஏறவில்லை என்றால் பிழைக்குறி காட்டுகிற கண்ட்ரோலர்களும் உண்டு. மழைக்காலத்தில் இந்த ஒரு காரணத்துக்காகவே என் ஓட்டு கண்ட்ரோலருக்கு.

அது சொல்லாமல் கெடும் இடங்கள் இரண்டு. முதலாவது தெர்மோகப்பிள், சூளைக்குள் சூட்டை அளக்கும் கம்பி இணை. கே வகை மலிவு, ஆனால் அடிக்கடி உயர்சூட்டில் சுட்டால் அதன் கணக்கு மெல்லப் பிசகும். பெரும்பாலும் குறைத்துக் காட்டும், சூளை கூடுதலாக எரியும். பிளாட்டினம் கலந்த எஸ் வகை நிலையானது. விலையைக் கேட்டால் நமக்குச் சூடு ஏறும். புதிது மாட்டிய பிறகு சூளை சூடாகச் சூடாக எண் இறங்கினால் பயப்படாதீர்கள், கம்பிகளை மாற்றி மாட்டியிருப்பீர்கள். அமெரிக்க வயரில் சிவப்புதான் மைனஸ். நம் பழக்கம் அதைப் பிளஸ் என்று நினைக்க வைக்கும்.

இரண்டாவது ரிலே, கண்ட்ரோலர் சொல்கிறபடி காயிலுக்கு மின்சாரத்தை விட்டு நிறுத்தும் சுவிட்ச். ஒரு தீபாவளிக்கு முன் அகல் விளக்குகளை 999 டிகிரிக்கு வைத்துவிட்டுப் போனோம். அப்போது சிட்டரைக் கழற்றி வைத்திருந்த காலம். திரும்பி வந்தபோது சூளை எரிந்துகொண்டே இருந்தது. விளக்குகள் உப்பித் தட்டோடு ஒட்டிப் போயின. பார்க்க வந்த வயர்மேன் அண்ணன் பெட்டியைத் திறந்ததும் சிரித்தார்: “ரிலே ஒட்டிக்கிச்சு தங்கச்சி. கண்ட்ரோலர் நிறுத்துன்னுதான் சொல்லியிருக்கும், இது கேக்கல.” பிறகு இன்னொரு செய்தி சொன்னார். பெட்டிக்குள் ஒரு பல்லி கருகிக் கிடந்தது. அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று இருவருக்கும் தெரியவில்லை.

சத்தமில்லாத எஸ்எஸ்ஆர் (அசையும் பாகம் இல்லாத மின்னணு ரிலே) போட்டால் தப்பலாமே என்று கேட்டேன். அதுவும் கெட்டால் பெரும்பாலும் ஒட்டிய நிலையில்தான் கெடும். தவிர, அதற்குள்ளேயே ஏறக்குறைய 1 வோல்ட் விழும். 24 ஆம்பியரில் அது 24 வாட் சூடு. வெயில் அடிக்கும் பின்கட்டில் ஹீட்சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டு) இல்லாமல் வைத்தால் சீக்கிரம் போய்விடும். டிக் டிக் என்று அடிக்கும் ரிலேயையே வைத்துக்கொண்டேன். சத்தம் நின்றால் எட்டிப் பார்க்கலாம் அல்லவா?

மின்னலைப் பொறுத்தவரை சிட்டர் ஜெயிக்கிறது. அதில் கருகுவதற்கு மின்னணுப் போர்டே இல்லை.

பிஸ்க் (கிளேஸ் பூசுவதற்கு முந்தைய முதல் சூடு) சுடுவது மட்டும்தான், பகலில் கூடவே இருப்பீர்கள் என்றால் சிட்டர் போதும், காசைக் காயிலுக்குச் செலவிடுங்கள். எங்களுக்கு அது போதவில்லை. சுவரில் கண்ட்ரோலர் பெட்டி, அதன் வழியாகச் சூளைக்கு மின்சாரம், சூளையில் திரும்ப மாட்டிய பழைய சிட்டர். ஆறாம் கோனுக்குச் சுடும்போது சிட்டரில், சற்றே கூடுதல் சூட்டில் வளையும் ஏழாம் கோன் வைக்கிறேன். ரிலே ஒட்டினால் அது விழும். நடுத்தட்டில் தனியாக ஒரு ஆறாம் கோன் நிற்கும், தெர்மோகப்பிள் பொய் சொல்கிறதா என்று பார்க்க. இணைப்பு வேலையை மட்டும் சுருஹான்ஜாயா தெனாகாவில் (மலேசிய எரிசக்தி ஆணையம்) பதிவுள்ள வயர்மேன் செய்யட்டும். எங்கள் அண்ணன் போகும்போது பெட்டியின் காற்றுத் துளைகளுக்கு மெல்லிய கம்பிவலை அடித்துக் கொடுத்தார், பல்லிக்காக.