கட்டபொம்மன் உடைக்கு ஐந்து நட்சத்திரம், மீசைக்கு ஒன்று

கிருஷ்ணகிரி பழையபேட்டைப் பக்கம் நாடக உடைகளை வாடகைக்கு விடும் ஒரு சின்னக் கடை, பெயர் வேண்டாம். பள்ளி ஆண்டு விழாவில் பையனுக்குக் கட்டபொம்மன் வேஷம். ஒரு நாளுக்கு 400 ரூபாய், முன்பணம் 500.

உடை அருமை. சரிகை எங்கும் பிரியவில்லை, கிரீடம் தகரம்தான் என்றாலும் மேடை வெளிச்சத்தில் மின்னுகிறது, வாள் மட்டும் உறையை விட்டு வரவே மாட்டேன் என்கிறது. மானத்தை வாங்கியது மீசைதான். ஜாக்சன் துரையிடம் பேசப் பேச ஒரு பக்கம் பிய்ந்து தொங்க, பையன் அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டே வரி கட்ட மறுத்தான், சனம் விழுந்து விழுந்து சிரித்தது.

ஆனாலும் மறுபடி போவேன், கடைக்காரப் பெரியவருக்காக. அளவெடுக்கும்போதே சிவாஜி கணேசன் கதையை ஆரம்பித்துவிட்டார். சின்ன வயதிலேயே நாடகக் கம்பெனியில் சேர்ந்து பெண் வேஷமெல்லாம் கட்டியவராம், அண்ணா எழுதிய நாடகத்தில் மராட்டிய மன்னராக நடித்ததைப் பார்த்துப் பெரியார் கொடுத்த பெயர்தான் சிவாஜி, அப்புறம் 1952இல் பராசக்தி, கட்டபொம்மனையும் முதலில் மேடையில் ஆடிவிட்டுத்தான் 1959இல் படமாக எடுத்தார்கள், அதற்கு அடுத்த வருடம் கெய்ரோ விழாவில் சிறந்த நடிகர் விருது. "மேடையில பேசிப் பழகின தொண்டை சார் அது" என்றார். அவசரத்தில் போனதால் முதலில் எரிச்சல், பிறகு நானே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

திருப்பிக் கொடுத்தபோது மீசைக்கென்று 50 ரூபாய் பிடித்துக்கொண்டார். பசையை நீங்களே வாங்கிப் போங்கள்.